காபன் பைபர் ஃபின் அடுக்கடுக்காகப் பிரிகிறது: நடுவில் துணி வைத்தால் தாங்குமா?

நிலாவெளி_நீந்தி | வெள்ளி இரவு

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியில் ஸ்நோர்கலிங் வழிகாட்டி வேலை. புறாமலைக்கு ஆட்களைக் கூட்டிப் போவேன், பருவம் முடிந்து வாடைக்காற்று தொடங்கினால் வீட்டில் ஏதாவது கிண்டிக்கொண்டிருப்பேன். இப்போது கிண்டுவது காபன் பைபர்.

முதலில் இணையத்தில் ஒரு சோடி நீள ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்கினேன், கம்பெனிப் பெயர் வேண்டாம். காபன் முறியவே இல்லை. ஓரம் முருகைக்கல்லில் தட்டுப்பட்ட இடத்தில் கீறல் விழுந்தது, அங்கிருந்து ஒரு தட்டு இரண்டு தட்டாகப் பிரிந்துகொண்டே போனது. அப்புறம் நானே செய்யத் தொடங்கினேன். சதுர மீற்றருக்கு 200 கிராம் சாதா நெசவுத் துணி, கால் பக்கம் 6 அடுக்கு, நுனியில் 3. கையால் எபொக்சி (கலந்தால் இறுகும் ரெசின், ஒரு வகைப் பசை) பூசி, பழைய பிரிட்ஜ் கம்பிரசரால் காற்றை உறிஞ்சி, பைக்குள் வைத்து இறுக விடுவேன். விறைப்பு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கொஞ்ச நாள் அடித்த பிறகு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் 'டக்' என்பதற்குப் பதிலாக 'தொப்' என்கிறது. உள்ளே பிரிவு தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுக்குகளுக்கு நடுவில் மெல்லிய நைலோன் துணி வைத்தால் இது நிற்கும் என்று வாசித்தேன். எந்தத் துணி? எல்லா அடுக்குக்கும் நடுவிலா? ஃபின் தொளதொளவென்று ஆகிவிடாதா?

உவர்மலை_76 | வெள்ளி இரவு

இன்னும் ஒரு அடுக்கு காபன் போடுங்கள் தம்பி. மெத்தை தைக்கும் வேலை எதற்கு?

நூலிழை | சனி காலை

உவர்மலை அண்ணர் சொல்கிறபடி செய்தால் ஃபின் விறைக்கும், பிரிவது நிற்காது. விறைத்த ஃபினில் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வைக்கும் விசையும் கூடும், ஆகவே இன்னும் சீக்கிரம் பிரியவும் கூடும்.

தம்பி, நீங்கள் போடும் காபன் நாரெல்லாம் துணியின் தளத்திலேயே படுத்திருக்கிறது. சாதாரண தரக் காபன் நாரின் இழுவலிமை 3500 மெகாபாஸ்கல் அளவில். ஆனால் ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் இடையில் ஒரு நார்கூட மேலும் கீழும் போவதில்லை. அங்கே இருப்பது எபொக்சி மட்டும், அதன் வலிமை 60, 80 மெகாபாஸ்கல். பிரிவு அந்த வழியைத்தான் பிடிக்கும்.

வலிமை என்ற எண்ணும் இங்கே முழுக்கதை சொல்லாது. பார்க்க வேண்டியது, ஒரு சதுர மீற்றர் பரப்பைப் பிரித்தெடுக்க எத்தனை யூல் சக்தி செலவாகிறது என்பதை. கடினமாக்காத எபொக்சியோடு காபன் என்றால் அது 100 முதல் 300 யூல் வரை. காபனை எபொக்சிக்குப் பதில் பீக் என்ற பிளாஸ்ரிக்கில் பதித்தால் 1500 யூலுக்கும் மேலே போகும். அதே நார்தான், நடுவில் இருக்கும் பொருள்தான் வேறு. ஆனால் பீக் உருகுவது 343 பாகை செல்சியஸில், அது வீட்டு வேலை இல்லை.

நடுவில் வைக்கும் மென்துணி இதற்கு ஒரு சுற்றுவழி. நெய்யாமல், நாரைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டிய தாள் மாதிரியான துணி அது. சதுர மீற்றருக்கு 4 முதல் 20 கிராம்தான் இருக்கும். அவித்த பனங்கிழங்கைப் பிளந்து பாருங்கள். சதை சட்டென்று விடும், நடுத் தும்பு இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். எபொக்சி வெடித்த பிறகும் நைலோன் நார் அப்படித்தான் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நீளும், பிய்யும், உருவிக்கொண்டு வரும். அதற்கெல்லாம் சக்தி செலவாகிறது.

கிண்ணியா_படகுப்பட்டறை | சனி காலை

தம்பிமாருக்கு ஸலாம். இந்த இழையைப் படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. பைபர் போட் கட்டுகிறவன் இதைத்தான் காலம் காலமாகச் செய்கிறான். றோவிங் துணிமேல் (தடித்த கண்ணாடி நார் நெசவு) றோவிங் துணியைப் போடமாட்டோம். மட் (நறுக்கிய கண்ணாடி நாரைப் பரப்பி ஒட்டிய பாய்), றோவிங், மட், றோவிங் என்றுதான் போவோம். இரண்டு றோவிங்கை நேராக ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அலை அடிக்கும் இடத்தில் பொருக்குக் கழன்றுவிடும். நடுவில் மட் இருந்தால் அதன் நறுக்கு நார் இரண்டு பக்கக் குழியிலும் இறங்கிப் பிடிக்கும். கொட்பே துறைமுகத்தில் நிற்கிற எந்த பைபர் போட்டின் உடைந்த விளிம்பையும் பாருங்கள், தெரியும்.

தம்பிக்கு என்னிடம் 300 கிராம் மட் துண்டு நிறையக் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நூலிழை | சனி மதியம்

நானா சொன்னது நூற்றுக்கு நூறு அதே யோசனை. நறுக்கு நார் இரண்டு பக்கக் குழியிலும் இறங்குகிறது என்ற அந்த ஒரு வரியில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. நெய்த துணியை நடுவில் வைத்தால் அதற்கும் தட்டையான இரண்டு முகம் இருக்கும், வெடிப்பு அந்த முகத்தோடு வழுக்கிக்கொண்டு ஓடும். தாறுமாறாகக் கிடக்கும் நார்தான் வெடிப்பின் பாதையைக் குறுக்கே மறிக்கும்.

ஆனால் தம்பி அந்த மட்டை எடுக்க வேண்டாம். நறுக்கு நாரை ஒட்டி வைத்திருக்கும் பசை, படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகவே போட்டது. எபொக்சியில் ஸ்டைரீன் இல்லை. பசை கரையாது, மட் இளகாது, உள்ளே காற்று நிற்கும். பாரமும் உதைக்கும். உங்கள் காபன் 200 கிராம், நடுவில் போடுவது 300 கிராமா?

நிலாவெளி_நீந்தி | சனி மாலை

நன்றி அக்கா, நன்றி நானா. அப்படியென்றால் கையில் கிடைப்பதைக் கேட்கிறேன், சிரிக்க வேண்டாம்.

நுளம்பு வலை? பைக்குள் போடும் பீல் ப்ளை துணியை உரிக்காமல் உள்ளேயே விட்டால்? தையல்காரர் கொலருக்கும் விளிம்புக்கும் வைத்து அயன் பண்ணும் அந்தப் பசைவலை? அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன தாறுமாறு நார்தான். கெவ்லார் என்ற செயற்கை நார்த் துணியும் ஒரு துண்டு கிடைக்கும்.

நூலிழை | சனி இரவு

சிரிக்கவில்லை, நல்ல கேள்விகள்.

நுளம்பு வலை வேண்டாம். ஓட்டை பெரிது, நூல் தடிப்பு, முடிச்சு முடிச்சாக மேடு விழும். அந்த மேட்டில் மேலே போகும் காபன் வளையும். வளைந்த காபன் நார் அமுக்கத்தில் சீக்கிரம் நொடிந்துவிடும்.

பீல் ப்ளையை உள்ளே விடவே கூடாது. அது உரிப்பதற்கென்றே நெய்தது, நெருக்கமான வழுவழுப்பான நெசவு. சில வகைக்கு ஒட்டாத பூச்சும் இருக்கும். அதை உள்ளே விட்டால் நீங்களே பிரிவுக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி.

கெவ்லார் முறுக்குத்தான், ஆனால் நீங்கள் சொல்லும் நெசவுத் துணி நடுவில் வைக்கத் தடிப்பு அதிகம். அமுக்கம் தாங்காது, தண்ணீரும் குடிக்கும். வெட்டின ஓரத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக நிற்கும். கெவ்லார் நாரைப் பொடிப்பொடியாக நறுக்கி மிக மெல்லியதாகத் தூவினால் கதை வேறு, அது சோதிக்கப்பட்ட வழி. ஆனால் கையால் சீராகத் தூவுவது பெரும்பாடு.

தையல்காரரின் பசைவலை பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் உருகுநிலை தாழ்ந்த நைலோன் கலவை. அயன் சூட்டில் உருகி இரண்டு துணியைப் பிடிக்க வேண்டும், அதற்காக 110, 130 பாகை அளவில் உருகும்படி செய்திருப்பார்கள். வாங்கும்போது முழுக்க வலையாக இருப்பதை எடுங்கள். துணியில் பசைப் புள்ளி ஒட்டிய கான்வஸ் வேறு சாமான், அது வேண்டாம். தாளில் ஒட்டி வந்தால் தாளை முற்றாக உரிக்க வேண்டும். அந்தத் தாளில் ஒட்டாத பூச்சு இருக்கும், அதன் பிசுபிசுப்பு வலையில் வந்திருந்தால் எல்லாம் வீண்.

இப்போது முக்கியமான இடம். உங்கள் எபொக்சி அறைச் சூட்டில் இறுகுகிறது. ஆகவே எந்த நைலோனும் உங்கள் கையில் உருகப் போவதில்லை. நைலோன் 12 உருகுவது 178 பாகை வாக்கில், நைலோன் 6 சுமார் 220, நைலோன் 6,6 சுமார் 260. 180 பாகையில் சூட்டு அடுப்பில் இறுக்குகிறவர்களுக்குத்தான் உருகும் வகையா உருகாத வகையா என்ற தெரிவு உண்டு. அவர்கள் நைலோன் 12 வைத்தால் அது உருகிப் படலமாகவும் துளியாகவும் பரவும். 6,6 வைத்தால் நாராகவே நின்று இழுத்துப் பிடிக்கும். உங்களுக்கு இரண்டாவது வேலை மட்டும்தான் நடக்கும். அதனால் நாரின் சொந்த வலிமை முக்கியம். பசைவலை நார் மென்மையானது, உருவிக்கொண்டு வருவதற்கு முன் நீண்டு அறுந்துவிடும். ஒன்றும் இல்லாததைவிட நல்லது என்று எதிர்பார்க்கலாம், நைலோன் 6,6 மென்துணிக்கு ஈடாகாது.

பொலியெஸ்டர் மென்துணி தண்ணீர் குடிக்காது, மலிவு. ஆனால் எபொக்சி நைலோனைப் பிடிக்கும் அளவுக்குப் பொலியெஸ்டரைப் பிடிப்பதில்லை. பிடி குறைந்தால் எப்போதும் கெடுதி என்றும் இல்லை. பிபிஎஸ் என்ற பிளாஸ்ரிக்கை எபொக்சி அவ்வளவாகப் பிடிக்காது, இருந்தும் அதன் மென்துணி பிளக்கும் சோதனையில் (அடுக்குகளை மேலும் கீழும் இழுத்துப் பிரிப்பது) நல்ல எண் தருகிறது. நார் அறாமல் நீளமாக உருவிக்கொண்டு வருவதுதான் காரணம். சறுக்கும் சோதனையில் அந்தச் சலுகை குறைவு, அங்கே பிடிப்புத்தான் பேசும். ஃபின் வளையும்போது உள்ளே நடப்பது பெரும்பாலும் சறுக்கல். அதனால் உங்களுக்கு நைலோன் என்பேன்.

உவர்மலை_76 | சனி இரவு

இவ்வளவு நல்ல மருந்தென்றால் விமானக்காரன் ஏன் நைலோன் வலை வைப்பதில்லை? அவனுக்குக் காசில்லையா?

நூலிழை | ஞாயிறு காலை

வைக்கிறான் அண்ணர், வேறு உருவத்தில். 2011 இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 இன் எடையில் பாதிக்குக் கிட்ட கூட்டுப்பொருள், அதாவது நாரும் ரெசினும் சேர்ந்தது. அதன் உடலுக்கும் இறக்கைக்கும் ரோறே நிறுவனத்தின் 3900-2 வகை ரெசின் தோய்த்த காபன் நாடாதான் முக்கியப் பொருள். அந்த நாடாவின் முகத்தில் தெர்மோபிளாஸ்ரிக் (சூட்டில் இளகும் பிளாஸ்ரிக்) நுண்துகள்கள் இருக்கின்றன. அடுக்கி இறுக்கும்போது அவை நார்களுக்குள் புகமுடியாமல் இரண்டு அடுக்குக்கும் நடுவிலேயே தங்கி ஒரு கடினமான இடைப்படையாகிவிடும். யோசனை ஒன்றேதான். விமானக்காரனின் பயம், கீழே விழுந்த ஸ்பானர் மாதிரி ஒரு சின்ன அடி. மேலே தடமே தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும், அமுக்கம் வந்தால் அந்த இடம் பொங்கி நொடியும். அதற்கென்றே அடித்துவிட்டு அமுக்கிப் பார்க்கும் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள்.

இன்னும் மெல்லிய வழியும் உண்டு. மின்புலத்தால் இழுத்து நூற்ற நனோ நாரை அடுக்குகளுக்கு நடுவில் வைப்பது. டாரெல் ரெனெக்கர், யூரிஸ் ஜெனிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு 2001 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். தடிப்பு ஏறக்குறைய அதிகரிப்பதே இல்லை. ஆனால் திருகோணமலைக் கடைத்தெருவில் விசாரிக்கிற சாமான் இல்லை.

சீனன்குடா_கணக்கன் | ஞாயிறு காலை

தொளதொளப்பாகுமா என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கணக்குப் போட்டேன், வந்த விடை பலருக்குத் தலைகீழாகத் தெரியும்.

கால் பக்கம் 6 அடுக்கு, ஒன்று 0.2 மில்லிமீற்றர், மொத்தம் 1.2. ஐந்து இடைவெளியிலும் மென்துணி வைத்து, ஒவ்வொன்றும் ரெசினோடு 0.03 மில்லிமீற்றர் பிடிக்கிறது என்று வையுங்கள். தடிப்பு 1.35 ஆகும். காபன் அளவு மாறவில்லை, ஆனால் நடுத்தளத்திலிருந்து தள்ளிப் போய்விட்டது. வளைவு விறைப்பில் தூரத்தின் வர்க்கம் பேசும். ஆகவே ஃபின் தொளதொளப்பாகாது, சுமார் 31 வீதம் விறைக்கும்! பாரமும் சதுர மீற்றருக்கு 180 கிராம் வரை கூடும். இன்னொன்று, அதே வளைவுக்கு வளைத்தால் வெளி முகத்தின் நீட்சி 12 வீதம் அதிகம்.

'அப்போ ஒரு காபன் அடுக்கைக் குறைக்கிறேன்' என்றால் 5 அடுக்கும் 4 மென்துணியுமாகப் பழைய ஃபினைவிட விறைப்பு 24 வீதம் குறையும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டுமென்றால் எல்லா இடைவெளியிலும் வைக்காதீர்கள். நடு இடைவெளி ஒன்றில் மட்டும் வைத்தால் விறைப்பு 8 வீதம்தான் கூடும். வளையும் தகட்டில் சறுக்கும் விசை மிகக் கூடுதலாக இருப்பது நடுத்தளத்தில், மேல் கீழ் முகங்களில் அது பூச்சியம். ஆகவே நடுவில் ஒன்று போதும் என்பது என் கட்சி.

0.03 என்பது உங்கள் பம்ப்பைப் பொறுத்தது. மைக்ரோமீற்றர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

நூலிழை | ஞாயிறு மதியம்

கணக்கு சரி. முடிவில் பாதிதான் சரி. நீங்கள் சொல்வது சீரான தடிப்புள்ள தகட்டுக்கு. ஃபின் அப்படியல்ல. 6 அடுக்கு 3 ஆகும் வழியில் மூன்று அடுக்கு முடிகிறது. அடுக்கு முடியும் நுனியில் அதன் விசை முழுவதும் ரெசின் வழியாகப் பக்கத்து அடுக்குக்கு மாற வேண்டும். அங்கே சறுக்கலும் உண்டு, மேல்நோக்கி உரிக்கும் விசையும் உண்டு. தம்பியின் 'தொப்' சத்தம் எங்கே வருகிறது என்று கேட்காமல் நாம் இருவரும் சண்டை பிடிக்கிறோம்.

தம்பி, இரண்டு கேள்வி. சத்தம் மாறும் இடங்களும் அடுக்கு முடியும் இடங்களும் ஒன்றா? முடியும் அடுக்கு வெளிப்பக்கமா, உள்ளேயா?

நிலாவெளி_நீந்தி | ஞாயிறு மாலை

இப்போதுதான் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். ஓம் அக்கா, பெரும்பாலும் அடுக்கு முடிகிற இடத்திலேயே. மிச்சம் ஓரத்தில், கல்லில் பட்ட இடங்களில். அடுக்குகள் வெளிப்பக்கம்தான் முடிகின்றன. படிபடியாகத் தெரிவது பார்க்க அழகாக இருக்கும்.

கிண்ணியா_படகுப்பட்டறை | ஞாயிறு மாலை

அழகுக்கு ஆணியடித்த கதை! போட்டில்கூட நாங்கள் குட்டை அடுக்கை உள்ளே போட்டு முழு நீள அடுக்கால் மூடித்தான் விடுவோம் தம்பி. வெளியே முடிகிற நுனியைத் தண்ணீரும் கல்லும் நகம் வைத்துக் கிளப்பும்.

நூலிழை | ஞாயிறு இரவு

நானா சொன்னதுதான் முதல் வேலை, துணி இரண்டாவது வேலை. வெளி முகம் இரண்டும் முழு நீள அடுக்கு. முடிகிற மூன்றும் உள்ளே. மூன்றும் ஒரே இடத்தில் முடியாமல் ஒன்றுக்கொன்று பல சென்ரிமீற்றர் தள்ளி முடிய வேண்டும். நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டாமல் அலைவடிவாக வெட்டினால் விசை ஒரே கோட்டில் குவியாது. இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல மென்துணி வைத்தாலும் காசு கடலில்தான்.

அதன் பிறகு மென்துணி: ஒவ்வொரு அடுக்கு முடிவையும் மேலும் கீழும் மூடும்படி ஒரு பட்டி, முடிவுக்கு முன்னும் பின்னும் சில சென்ரிமீற்றர் நீள. ஓரம் நெடுக இரண்டு விரல் அகலப் பட்டி. கணக்கன் கேட்ட நடு இடைவெளியில் கால் பக்கம் முழுவதும் ஒன்று.

சீனன்குடா_கணக்கன் | ஞாயிறு இரவு

ஓரப் பட்டியை நான் ஒப்பவில்லை. பட்டி முடியும் கோட்டில் 0.03 மில்லிமீற்றர் படி விழும், அங்கே ரெசின் தேங்கும். ஐந்து இடைவெளியிலும் ஒரே அகலத்தில் பட்டி வைத்தால் படி ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து 0.15 ஆகிவிடும். ஒரு முடிவைச் சரிசெய்யப் போய் இன்னொரு முடிவை உண்டாக்குவதா?

நூலிழை | திங்கள் காலை

அகலத்தை மாற்றி மாற்றி வெட்டினால் போதும், ஒன்று இரண்டு விரல், அடுத்தது மூன்று. பட்டியின் விளிம்பைக் கத்தியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். நார் மெல்ல மெல்லக் குறைந்து முடியும், படி என்று ஒன்று விழாது. நெய்யாத துணியில் இது ஒரு வசதி.

ஆனால் ஓரத்தில் வைத்தாக வேண்டும் என்பதில் நான் இறங்கிவரமாட்டேன். கல்லில் மோதும் அடி நடுத்தளக் கணக்கைக் கேட்டுக்கொண்டு வராது. அது பிளக்கும் விசையாக எந்த இடைவெளியிலும் நுழையும்.

உவர்மலை_76 | திங்கள் மதியம்

இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள். எது சரி என்று அளக்காமல் எப்படித் தெரியும்? சோதனை மெஷின் எங்கே இருக்கிறது, உங்கள் வீட்டு விறாந்தையிலா?

சீனன்குடா_கணக்கன் | திங்கள் மாலை

விறாந்தையிலேயே முடியும் அண்ணர். மெஷின் வேண்டாம், ஒரு ஆப்பு போதும்.

விரல் அகலத்தில், 4 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பட்டி செய்யுங்கள். முழுவதும் காபனாக இருந்தால் செலவு கூடும். நடுவில் 4 அடுக்கு காபன், வெளியே இரண்டு பக்கமும் கண்ணாடித் துணியைச் சம அளவில் கட்டிக்கொள்ளலாம். சரியாக நடுத்தளத்தில், ஒரு முனையில் மட்டும், ஒட்டாத மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒரு துண்டு. மிச்ச நீளத்தில் ஒரு பட்டிக்கு மென்துணி, மற்றதற்கு ஒன்றும் இல்லை. இறுகிய பிறகு தாள் இருக்கும் முனையில் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் துண்டை ஆப்பாகச் செருகி மெல்லத் தள்ளுங்கள். வெடிப்பு ஆப்புக்கு முன்னால் ஓடி ஓரிடத்தில் நிற்கும். பக்கவாட்டில் வெள்ளைத் திருத்தி மை பூசிவிட்டால் நுனி தெளிவாகத் தெரியும். ஆப்பிலிருந்து நுனிக்கு உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

பிரிவுச் சக்தி என்பது ஆப்புத் தடிப்பின் வர்க்கத்தையும், ஒரு கையின் (பிளந்த ஒரு பாதியின்) தடிப்பின் மூன்றாம் மடியையும், யங்கின் மட்டையும் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) பெருக்கி, அதை மூன்றால் பெருக்கி, வெடிப்பு நீளத்தின் நான்காம் மடியைப் பதினாறால் பெருக்கி வந்ததால் வகுப்பது. கை 2 மில்லிமீற்றர், மட்டு 50 கிகாபாஸ்கல் என்று வைத்தால் வெடிப்பு 50 மில்லிமீற்றரில் நின்றால் 108 யூல். 40 இல் நின்றால் 264. 35 இல் நின்றால் 450. கண்ணாடி கலந்தால் மட்டு குறையும், எண்கள் இறங்கும். ஆனால் இரண்டு பட்டியும் ஒரே கட்டமைப்பு, ஒரே தடிப்பு என்றால் ஒப்பிட மட்டே வேண்டாம். நான்காம் மடி என்பதால் வெடிப்பு நீளம் கொஞ்சம் குறைந்தாலும் சக்தி பலமடங்கு. அதே காரணத்தால் அளவில் 2 மில்லிமீற்றர் பிசகினாலும் விடை கெட்டுவிடும். ஆகவே ஒரு பட்டியை நம்ப வேண்டாம், சில பட்டி செய்து பாருங்கள்.

இது பிளக்கும் வகைக்கு மட்டும். சறுக்கும் வகைக்கு இதே பட்டியை இரண்டு தாங்கியில் வைத்து நடுவில் அமுக்க வேண்டும், அதற்குத் தராசு தேவைப்படும்.

நூலிழை | திங்கள் இரவு

அருமை. சோதித்த பிறகு பட்டியை முழுவதும் பிரித்து உள்முகத்தைப் பாருங்கள் தம்பி, எண்ணைவிட அது அதிகம் சொல்லும். இரண்டு முகத்திலும் நைலோன் நார் கலைந்து நீட்டிக்கொண்டிருந்தால் மென்துணி வேலை செய்திருக்கிறது. ஒரு முகத்தில் மட்டும் துணி முழுதாக ஒட்டி, மற்ற முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் வெடிப்பு துணியை விட்டு விலகிக் காபன் ஓரமாக ஓடிவிட்டது. அப்போது துணி வைத்தும் வைக்காததும் ஒன்று. அதற்குக் காரணம் பெரும்பாலும் ரெசின் துணிக்குள் முழுவதும் ஊறாதது அல்லது நைலோனில் ஈரம்.

ஈரத்தை இங்கே லேசாக எடுக்கக் கூடாது. நைலோன் 6,6 நனைந்து ஊறினால் தன் எடையில் 8 வீதத்துக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், நைலோன் 12 ஒன்றரை வீதம்தான். கடற்கரை வீட்டில் திறந்து கிடந்த மென்துணி ஈரத்தோடுதான் இருக்கும். 80 பாகையில் சில மணித்தியாலம் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வைத்து, பூசுவதற்குச் சற்றுமுன் எடுங்கள்.

கிண்ணியா_படகுப்பட்டறை | செவ்வாய் காலை

கச்சான் காலத்தில் மதியம் எபொக்சி கலக்க வேண்டாம் தம்பி, கோப்பையிலேயே புகைந்துவிடும். விடியப்புறம் வேலை, மெதுவாக இறுகும் ஹாட்னர், அகலமான தட்டில் ஊற்றிக் கலக்குதல். மாரியில் மறுபக்கம்: மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் படலம் வரும். தண்ணீரும் ஸ்கொட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவாமல் அடுத்த அடுக்கை ஒட்டினால் அது மென்துணிக்கும் தெரியாமல் பிரியும்.

இன்னொன்று. அறைச் சூட்டில் இறுகிய எபொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். கறுப்பு ஃபின்னை போட்டின் தட்டில் வெயிலில் கிடத்தினால் அந்தச் சூடு வந்துவிடும். தகரப் பெட்டிக்குள் பல்ப் போட்டு, தெர்மோமீற்றர் வைத்து, ரெசின்காரன் தாளில் சொன்ன சூட்டில் ஒருதரம் வாட்டி எடுங்கள்.

நூலிழை | செவ்வாய் காலை

நானா சொன்ன வாட்டலைச் செய்யும்போது பசைவலை வைத்த பட்டியை 80 பாகைக்கு மேல் ஏற்ற வேண்டாம். சில பசைவலைகள் நைலோனே அல்ல, பொலிஎதிலின் வகையாகவும் இருக்கும். எரித்து மணந்து பார்த்தால் மெழுகுதிரி வாசம் வரும், அப்படி வந்தால் வீசிவிடுங்கள். எபொக்சி அதைப் பிடிக்கவே பிடிக்காது.

நிலாவெளி_நீந்தி | புதன் இரவு

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப்போகிறேன்: முதலில் சோதனைப் பட்டி மூன்று வகை, வெறும் காபன், தையல்காரர் பசைவலை, நைலோன் 6,6 மென்துணி. கடைசியை இணையத்தில் ஓடர் பண்ணிவிட்டேன், வர நாளெடுக்கும். அதுவரை ஃபின்னில் அடுக்கு முடிவுகளை உள்ளே தள்ளி, துணி இல்லாமலே ஒரு சோடி. அது 'தொப்' சொல்கிறதா பார்க்கலாம்.

கணக்கன் அண்ண, 3 மில்லிமீற்றர் இரும்புத் துண்டின் முனையைக் கூராக்க வேண்டுமா, மொட்டையாக விடலாமா?

சீனன்குடா_கணக்கன் | புதன் இரவு

முனையைக் கொஞ்சம் சரிவாக அரத்தால் தேய்த்துவிடுங்கள், உள்ளே போக மட்டும். ஆனால் கூர் வெடிப்பின் நுனியைத் தொடக் கூடாது, தொட்டால் நீங்கள் அளப்பது கத்தியின் வேலை. 3 மில்லிமீற்றர் தடிப்பு இரண்டு கையையும் தொடும் இடத்திலிருந்துதான் நீளத்தை எடுக்க வேண்டும், சரிவின் நுனியிலிருந்து அல்ல. பட்டி வெட்டும்போது முகமூடி போடுங்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அந்தக் காபன் தூள் நுரையீரலுக்கும் கூடாது, பக்கத்தில் இருக்கும் பிளக்குக்கும் கூடாது, மின்சாரம் கடத்தும்.